பட்டி பார்த்தல் (வாகனப் பழுது நீக்கம்)

பட்டி பார்த்தல் என்பது மோட்டார் வாகனத்தின் வெளித்தகட்டில் விழுந்த ஒடுக்கை நிமிர்த்திய பிறகு, மிஞ்சி நிற்கும் சிறு மேடு பள்ளங்களைப் பசை போன்ற நிரப்புப் பொருளால் சமன்செய்து, வண்ணம் பூசுவதற்கு ஏற்ற பரப்பை உண்டாக்கும் வேலையாகும். தகட்டை நிமிர்த்தும் வேலைக்கு டிங்கரிங் என்று பெயர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இவ்விரண்டையும் சேர்த்து 'பட்டி டிங்கரிங்' என்பார்கள். வேலை வரிசைப்படி டிங்கரிங் முதலில் வரவேண்டும், பட்டி அதன் பின்னால் வரவேண்டும். பேச்சு வழக்கில் இது தலைகீழாகிவிட்டது. பொருளும் மாறிவிட்டது. இன்று ஒருவர் எதையோ 'பட்டி டிங்கரிங் பார்த்து' வைத்திருக்கிறார் என்றால், உள்ளே உள்ள பழுதை மூடி மேலே பளபளப்பாக்கிவிட்டார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ஒரு கைத்தொழிலின் பெயர் ஏமாற்று வேலையின் பெயராக மாறியதற்குக் காரணம் தொழிலாளர்களின் நேர்மைக் குறைவு மட்டுமல்ல. பட்டியின் வேதிப்பொருள் மாறிய வரலாறும், வாகனத் தகட்டின் விலை மாறிய வரலாறும் அதில் அடங்கியுள்ளன.

பெயர்

'பட்டி' ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆடு மாடுகளை அடைக்கும் பட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீமைச் சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து, சன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்கப் பயன்படுத்திய பசைக்கே முதலில் இப்பெயர் வழங்கியது. தச்சர்கள் மரத்தின் ஆணித்துளைகளை அடைக்கவும் அதையே பயன்படுத்தினார்கள். 'டிங்கர்' என்ற ஆங்கிலச் சொல், ஊர் ஊராகச் சென்று தகரப் பாத்திரங்களைப் பழுது பார்ப்பவரைக் குறிக்கும். வட இந்தியாவில் இதே வேலையை 'டென்ட்டிங் பெயின்டிங்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் டிங்கர் என்ற பழைய பெயர் நிலைத்துவிட்டது.

அது பொருத்தமான பெயரும்கூட. பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவரும், தெருவில் துருத்தி வைத்து நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் துடைத்துப் பாத்திரத்தின் உட்புறம் பூசுபவரும் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். குழிந்த தகட்டின் பின்புறம் ஒரு கட்டையைக் கொடுத்து முன்புறம் தட்டி நிமிர்த்துவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. மோட்டார் பட்டறை டிங்கர் கையில் பிடிக்கும் 'டாலி' என்ற இரும்புக் கட்டி அந்தக் கட்டையின் இடத்தில் வந்தது.

குதிரை வண்டிக் காலம்

வண்ணத்துக்கு முன் நிரப்புதல் என்பது மோட்டார் காருக்கு முற்பட்ட வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை வண்டி கட்டுபவர்கள், பலகைத் தட்டுகளின் மேல் கற்பலகைத் தூள், வண்ணமண் ஆகியவற்றை வார்னிஷுடன் குழைத்து அடுக்கடுக்காகப் பூசுவார்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்ப்பார்கள். எண்ணெய் கலந்த பூச்சு மெல்லத்தான் காயும். ஆகவே ஒரு வண்டியை வண்ணம் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

சென்னையில் இந்த மரபுக்கு உரிய பெரிய நிறுவனம் 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம். குதிரை வண்டிகள் கட்டிய அந்நிறுவனத்தில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். வண்டி கட்டிய தச்சரும் வண்ணக்காரரும் அப்படியே மோட்டார் உடல் கட்டுபவர்களாக மாறியது உலகம் முழுவதும் நடந்தது, சென்னையும் அதற்கு விலக்கல்ல. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரும், கோவையில் ஜி. டி. நாயுடுவும் தொடங்கிய பேருந்துத் தொழில்கள் வளர்ந்தபோது, மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த பேருந்து உடல்களைக் கட்டவும் பழுது பார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். டிங்கர் என்ற தொழிலாளி பேருந்துப் பட்டறைகளில்தான் முதலில் பெருகினார் என்று கொள்வது பிழையாகாது.

ஈயமும் டூக்கோவும்

முழுவதும் எஃகுத் தகட்டால் ஆன கார் உடல்கள் வந்த பிறகு மேலை நாடுகளில் நிரப்புப் பொருளாக இருந்தது காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவை. ஏறத்தாழ 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கொண்ட கலவைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகிவிடாது. 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, சுமார் 255 டிகிரியில்தான் முழுவதும் நீராகும். இடைப்பட்ட நிலையில் அது வெண்ணெய் போல இருக்கும். எண்ணெய் தடவிய மரக்கரண்டியால் அதைத் தகட்டின் மேல் தடவி, ஆறியபின் அரத்தால் இழைப்பார்கள். தொழிற்சாலைகளிலும் இரு தகடுகள் சேரும் இடத்தை மறைக்க இதே முறைதான். இது உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக்கொள்ளும், பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் இதைச் செய்யக் கைத்திறன் வேண்டும், நெருப்பு வேண்டும். அரத்தூளோ நஞ்சு.

வண்ணத்தில் பெரிய மாற்றம் 1923-இல் வந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை வெளியிட்டது. 1924-ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் கார்கள் அந்தப் பூச்சில் நீல நிறத்தில் வந்தன. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காயத் தொடங்கியது. தூரிகையின் இடத்தைத் தெளிப்பான் பிடித்தது. டூக்கோ என்ற வணிகப் பெயர் இந்தியாவில் பொதுச்சொல்லாகவே ஆயிற்று. மரச்சாமான் கடையில் இன்றும் 'டூக்கோ பெயின்ட்' என்று கேட்பவர்கள் உண்டு.

இந்தப் பூச்சோடு சேர்ந்து வந்ததுதான் 'என்.சி. பட்டி', அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பட்டி. டப்பாவைத் திறந்து அப்படியே தகட்டில் இழுக்கலாம். அதில் உள்ள தின்னர் ஆவியாகிப் போவதால்தான் அது இறுகுகிறது. இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. ஆவியாகும் பொருளை இழப்பதால் இறுகும் எதுவும் சுருங்கும். தடிமனாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருக்கும், பிறகு வெடிக்கும். ஆகவே என்.சி. பட்டியைக் காகிதக் கனத்தில், ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக இழுக்க வேண்டும். பெரிய பள்ளத்தை அதனால் அடைக்கவே முடியாது. டிங்கர் தகட்டைச் சரியாக நிமிர்த்தாவிட்டால் பட்டிக்காரர் மறுத்துத் திருப்பி அனுப்புவார், ஏனென்றால் சில வாரங்களில் தன் வேலை வெடித்துப் போகும் என்று அவருக்குத் தெரியும். அக்காலப் பட்டியின் பலவீனமே டிங்கரின் நேர்மைக்குக் காவலாக இருந்தது.

தகடு கிடைக்காத காலம்

விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்ற ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் 1950-களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவில் அந்த வேலையை நிறுத்திக்கொண்டன. மக்கள் வாங்கக்கூடிய கார்கள் மூன்று வகைக்குள் அடங்கின. இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் 1957-இல் வந்து 2014 வரை உற்பத்தியானது. பம்பாயிலிருந்து பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் ஃபியட் வந்தது. மூன்றாவது சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்தது. அது 1961 முதல் உற்பத்தி செய்த ஹெரால்டு கார் தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு நன்கு அறிமுகமானது.

புதிய காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. நசுங்கிய மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவது எளிதல்ல. கூலியோ குறைவு. தகடு அரிது, கூலி மலிவு என்னும் இந்தக் கணக்குதான் ஒரு தலைமுறை டிங்கர்களை வல்லவர்களாக்கியது. அம்பாசடரின் தகடு இன்றைய கார்களைவிடத் தடித்தது. அடி வாங்கினாலும் நிமிரும், கேஸ் வெல்டிங்கில் வெட்டி ஒட்டவும் இடம் கொடுக்கும். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்து, சாதாரணத் தகட்டில் அதே வடிவத்தைக் கையாலேயே அடித்துப் பொருத்துபவர்கள் இருந்தார்கள். கழற்றிய கதவும் பானெட்டும் தேவைப்பட்டால் சென்னைப் புதுப்பேட்டைதான் புகலிடம். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிகளாக விற்கும் அந்தச் சந்தை வெளியூர்ப் பட்டறைகளுக்கும் உயிர்நாடியாக இருந்தது.

இருவகைப் பட்டி

அமெரிக்காவில் 1955-இல் மயாமி நகரில் கார் உடல் பழுதுப் பட்டறை நடத்திவந்த ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க் ஈயத்துக்கு மாற்றாக ஒரு பொருளை உருவாக்கினார். அதுதான் பின்னர் 'பாண்டோ' என்ற பெயரில் பரவியது. பாலியெஸ்டர் பிசினும் மாக்கல் தூளும் கலந்த களி ஒருபுறம், பென்சாயில் பெராக்சைடு கலந்த ஹார்டனர் மறுபுறம். இரண்டையும் குழைத்த சில நிமிடங்களில் அது கல்லாகிவிடும். இந்தியாவிலும் பின்னாளில் இதே வகைப் பட்டி டப்பாவும் சிறு டியூபுமாகக் கடைகளுக்கு வந்தது.

பழைய பட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. இது எதையும் இழப்பதால் இறுகவில்லை, வேதிவினையால் இறுகுகிறது. ஆகவே அதிகம் சுருங்காது. ஒரே பூச்சில் சில மில்லிமீட்டர் கனம் ஏற்றலாம். ஈயத்தைப் போல நெருப்பு வேண்டாம், பயிற்சியும் குறைவாகப் போதும். நிமிர்த்தாத பள்ளத்தையும் அடைத்து மேலே வண்ணம் அடித்துவிட முடியும் என்ற நிலை அப்போதுதான் உண்டாயிற்று. 'பட்டி பார்ப்பது' என்பதற்கு மறைப்பது என்ற பொருள் ஏறியதற்கு இந்தப் பொருளைத்தான் பெரிதும் பொறுப்பாக்க வேண்டும்.

ஆனால் மறைப்பு நெடுநாள் நிற்பதில்லை. தகடு வெயிலில் விரியும் அளவும் பட்டி விரியும் அளவும் வேறு. கதவை அடித்துச் சாத்தும் அதிர்ச்சியைத் தகடு தாங்கும், கட்டியாக நிற்கும் பட்டி தாங்காது. மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே பட்டிக்கு அடியில் துரு இருந்தாலோ, தேய்க்கும்போது தண்ணீர் புகுந்தாலோ, ஓரிரு மழைக்காலத்துக்குள் வண்ணம் கொப்பளித்துவிடும். நிமிர்த்திய தகட்டின் மேல் 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் பட்டி இருக்கவேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நல்ல டிங்கர் அதில் பாதிக்கும் இடம் வைக்கமாட்டார்.

வேலை நடக்கும் முறை

ஒடுக்கில் தகடு குழிவது மட்டுமல்ல, இழுபட்டு நீள்வதும் உண்டு. நேராகக் குழியின் நடுவில் தட்டினால் நீளம் இன்னும் கூடும், தகடு 'டப் டப்' என்று தகர டப்பா மூடிபோல உள்ளும் வெளியும் போய்வரும். ஆகவே அடி எந்த வரிசையில் விழுந்ததோ அதற்கு நேர் எதிர் வரிசையில் நிமிர்த்த வேண்டும். கடைசியாக மடிந்த ஓரம் முதலில் விடுபட வேண்டும். நீண்டுபோன இடத்தைச் சிறு புள்ளியாகச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் குளிர்வித்தால் தகடு சுருங்கும். கண்ணைவிட உள்ளங்கையே இதில் நம்பகமானது. துணி ஒன்றை இடையில் வைத்துத் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடும் தெரிந்துவிடும்.

பிறகு அந்த இடத்துப் பழைய வண்ணத்தைச் சுரண்டி வெறும் தகட்டை வெளிக்கொணர்வார்கள். ஹார்டனர் பட்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. அதிகமாகச் சேர்த்தால் பின்னாளில் மேல்வண்ணத்தில் கறை எழும், குறைத்தால் பட்டி இறுகாமல் பிசுபிசுக்கும். ஹார்டனருக்கு வேறு நிறம் கொடுத்திருப்பது அழகுக்காக அல்ல, கலவை சீராகக் கலந்ததா என்று பார்ப்பதற்காக. சித்திரை வெயிலில் கலவை பிளேடிலேயே கட்டிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே குழைப்பார்கள்.

காய்ந்தபின் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பது. விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகிவிடும், கட்டை அதைத் தடுக்கிறது. 80-ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320 என்று மெல்லிய தாளுக்குப் போவார்கள். இடையில் கறுப்பு வண்ணத்தை மிக மெலிதாகத் தூவித் தேய்த்தால், மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். அதன் மேல் பிரைமர், ஊசிமுனைத் துளைகளுக்கு ஓர் இழுப்பு மெல்லிய பட்டி, பிறகு வண்ணம். நீர் ஊற்றித் தேய்க்கும் 'வாட்டர் பேப்பர்' பிரைமருக்கு உரியது. வெறும் பாலியெஸ்டர் பட்டியின் மேல் நீர் ஊற்றித் தேய்ப்பது பல பட்டறைகளில் உள்ள பழக்கம்தான், ஆனால் தவறான பழக்கம்.

தெள்ளார் போன்ற ஊர்களில்

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள தெள்ளார், ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் வென்ற போரால் பெயர்பெற்ற ஊர். 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழி அவனுக்கு இவ்வூரால் வந்தது. இப்பகுதியின் மற்ற அடையாளங்கள் ஆரணிப் பட்டும் வந்தவாசிக் கோரைப்பாயும். பட்டு, நெல், பாய் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளும், பள்ளி வேன்களும், டிராக்டர்களும், இரண்டாம் கை கார்களும் ஓடும் இத்தகைய வட்டாரங்களில் பட்டறை என்பது பெரும்பாலும் சாலையோரத்துத் தகரக் கொட்டகை.

தூசு புகாத தெளிப்பறை அங்கே இல்லை. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வண்ணம் அடிப்பார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என்.சி. வண்ணம் அடிப்பதில்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வண்ணம் வெண்மையாகப் பூத்துவிடும். இது பாடநூலில் படித்து வந்த அறிவல்ல, கெட்டுப்போன வேலைகளிலிருந்து வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது: பாவில் இழை அறுந்தால் பிணைத்துத்தான் ஆகவேண்டும், கஞ்சி தடவி ஒட்டவைத்தால் தறியில் ஏறியதும் மறுபடி அறும்.

யார் பணம் கொடுக்கிறார்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் பழைய கணக்கு மாறத் தொடங்கியது. 1990-களின் இறுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் உற்பத்தியைத் தொடங்கின. தகடு மெலிந்தது. இன்றைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். அது நிமிர்வது கடினம், புதியது கிடைப்பது எளிது. தகடு மலிவு, கூலி அதிகம் என்று தராசு சாய்ந்தபோது, பெரிய சர்வீஸ் நிலையங்கள் நிமிர்த்துவதைவிட மாற்றுவதையே விரும்பின.

காப்பீட்டு விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீடு இந்தியாவில் 1946 முதல் கட்டாயம். ஆனால் அது சொந்த வண்டியின் ஒடுக்குக்கு ஒரு ரூபாயும் தராது. முழுக் காப்பீடு எடுத்தவருக்கும் வழக்கமான பாலிசியில் வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். உலோகப் பாகத்துக்கு 6 மாதம் வரை கழிவில்லை, 5 முதல் 10 ஆண்டு வண்டிக்கு 40 விழுக்காடு கழியும், 10 ஆண்டைத் தாண்டினால் பாதி கழியும். வண்ணப்பொருளின் விலையிலும் பாதி கழியும். பழைய வண்டிக்காரருக்குப் புதுக் கதவு மாட்டுவது கட்டுப்படியாகாது. சாலையோரப் பட்டறை இன்னும் நடப்பது இவரைப் போன்றவர்களால்தான். 'குறைவாப் பாத்து முடிச்சுக் குடுங்கண்ணே' என்று கேட்பவரும் இவர்தான். இரண்டு நாள் டிங்கரிங் கூலியைத் தவிர்த்து அரை நாளில் பட்டியால் அடைக்கச் சொல்வது பல நேரங்களில் வண்டியின் சொந்தக்காரரே. விற்கப்போகும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பழைய கார் வாங்குபவர்கள் துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டில் ஓட்டிப் பார்ப்பது இதனால்தான். கனமான பட்டி உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. வண்ணக் கனத்தை அளக்கும் கருவியும் இப்போது வியாபாரிகளிடம் உண்டு. தொழிற்சாலை வண்ணம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். பட்டி உள்ள இடத்தில் அது பல மடங்காகக் காட்டும். வண்ணம் மறுபூச்சு கண்டது என்பதாலேயே வண்டி கெட்டது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. நிமிர்த்திய தகட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர் பட்டி குறையல்ல.

நெஞ்சில் படியும் தூள்

இத்தொழிலின் விலையை உடலால் கொடுப்பவர் தேய்ப்பவர். பெரும்பாலும் அவர் பட்டறையில் வயதில் இளையவர், வேலை பழக வந்தவர். மாக்கல் தூளும் பழைய வண்ணத் தூளும் நாள் முழுவதும் மூக்கில் ஏறும். பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் இருப்பது வழக்கம். இந்தியாவில் வண்ணப்பூச்சில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களுக்கும் அலங்கார வண்ணங்களுக்கும் மட்டுமே உரியது. பாலியெஸ்டர் பட்டியின் கடும் மணம் ஸ்டைரீன் ஆவி. என்.சி. வண்ணத்துக்குப் பதிலாக வந்த இருகலவை வண்ணங்களின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இவை எதையும் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடி பட்டியையும் தின்னரையும் போல வேலைக்கு வேண்டிய பொருள் என்ற எண்ணம் சிறு பட்டறைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

கற்றல்

டிங்கர் வேலை நெடுங்காலம் 'உதவிக்கு' நின்றே கற்கப்பட்டது. முதலில் தேய்ப்பது, பிறகு பட்டி இழுப்பது, கடைசியாகத்தான் சுத்தியல் கைக்கு வரும். இப்போது தொழிற்பயிற்சி நிலையங்களின் தேசியப் பாடத்திட்டத்தில் வாகன உடல் பழுது நீக்கம், வாகன உடல் வண்ணப்பூச்சு என இரு தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓராண்டுப் படிப்பு. வண்ணம் சிதையாமல் பின்புறத்திலிருந்து நெம்புகோல்களால் ஒடுக்கை மெல்லத் தள்ளி எடுக்கும் முறையும் நகரங்களில் பரவியுள்ளது. அதில் பட்டிக்கு வேலையே இல்லை. ஆலங்கட்டி மழையாலும் கதவு இடிப்பாலும் விழும் சிறு குழிகளுக்கு அது போதும். தகடு மடிந்த இடத்திலும் வண்ணம் உடைந்த இடத்திலும் அது பயன்படாது. அங்கே சுத்தியலும் டாலியும், அவற்றுக்குப் பின் பட்டியும் என்ற பழைய வரிசையே இன்றும் நடைமுறையில் உள்ளது.